தொலைக்காட்சிப் பெட்டியின்றிக் குடித்தனம் தொடங்குவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்பார்ந்த இளங்குடித்தனக்காரர்களே,

வாடகை வீட்டுக்கு முன்பணம் கொடுத்து, பால் காய்ச்சி, கட்டிலும் அடுப்பும் வந்து இறங்கிய பிற்பாடு, கூடத்தின் பெரிய சுவரில் தொலைக்காட்சிப் பெட்டி மாட்டுவதற்கென்றே கட்டியவர் விட்டுவைத்திருக்கும் பிளக் பாயின்டுகளைப் பார்த்து, "இது நமக்கு வேண்டாம், படம் பார்க்கத் தோன்றும் இரவுகளில் மாத்திரம் ஒரு புரொஜெக்டரைக் கொண்டு இந்தச் சுவரையே திரையாக்கிக்கொள்வோம்" என்று தீர்மானித்திருக்கும் உங்கள் அனைவரையும் உத்தேசித்தே இம்மடலை எழுதுகிறேன். உங்கள் தீர்மானத்தில் எனக்குச் சம்மதம் உண்டு. ஆனால் அதை நிறைவேற்றுவதற்கு நீங்கள் கைக்கொள்ளும் கிரமத்தில்தான் எனக்குச் சம்மதம் இல்லை. முதலில் யந்திரத்தை வாங்கி, பிறகு அதற்கு இடம் தேடி, அதன் பிறகு வெளிச்சத்தோடும் ஒலியோடும் இணையத்தோடும் மல்லுக்கு நிற்பது என்பதே இன்று பெரும்பாலோர் போகிற வழியாக இருக்கிறது. முறைப்படி பார்த்தால் கூடத்தை அளப்பது முதலிலும் யந்திரத்துக்குப் பணம் கட்டுவது கடைசியிலும் வரவேண்டும். இந்த ஒரு விஷயத்தைச் சொல்வதற்காகவே இத்தனை பக்கங்களை எடுத்துக்கொள்கிறேன்.

சென்னையில் தொலைக்காட்சி நிலையம் ஏற்பட்டது 1975-ஆம் ஆண்டில். அதன் பிற்பாடு, வெள்ளிக்கிழமை மாலை 'ஒளியும் ஒலியும்' பார்ப்பதற்காகத் தெருவே ஒரு வீட்டுத் திண்ணையில் கூடியிருந்த காலம் ஒன்று இருந்தது. 2006-இல் அரசாங்கமே வீடுதோறும் வண்ணத் தொலைக்காட்சி வழங்கத் தொடங்கியபோது அந்தக் கூட்டத்துக்கும் வேலை இல்லாமற் போயிற்று. இந்த இடைக்காலத்தில் நம் வீடுகளின் அமைப்பே மெல்ல மாறிவிட்டது. நாற்காலிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்த நிலை போய், எல்லா நாற்காலிகளும் ஒரே திசையில் திரும்பி உட்கார்ந்துகொண்டன. அந்தத் திசையிலுள்ள பெட்டியை அகற்றிவிடுவது என்ற உங்கள் யோசனை வெறும் சிக்கன யோசனை அன்று. வீட்டில் எப்போது படம் ஓட வேண்டும், எப்போது ஓடக் கூடாது என்பதை நீங்களே நிர்ணயிப்பதற்கான யோசனை. ஆகையால் அது சிரமப்பட்டுச் செய்வதற்குத் தகுதியானதே.

எனினும், இது எல்லாருக்கும் பொருந்தாது என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவது நியாயம். காலையில் இட்லி வேகும்போது செய்தி ஓடவேண்டும் என்பவர்களும், பிற்பகல் தொடர்களை ஒரு நாளும் தவறவிடாத மாமியாரோ தாயாரோ உடனிருக்கும் வீட்டாரும், பகலில் நடைபெறும் கிரிக்கெட் ஆட்டத்தை ஜன்னல் திறந்த கூடத்தில் நண்பர்களோடு பார்க்க விரும்புவோரும் தயைசெய்து தொலைக்காட்சிப் பெட்டியையே வாங்குங்கள். இதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை. புரொஜெக்டர் என்பது பெரிய தொலைக்காட்சி அன்று. அது இருளை முன்பணமாகக் கேட்கிற கருவி.

அதற்குக் காரணம் மிக எளியது. இந்த யந்திரத்தால் வெண்மையைச் சுவரில் பாய்ச்ச முடியும். சிவப்பையும் பச்சையையும் நீலத்தையும் பாய்ச்ச முடியும். கருமையை மாத்திரம் பாய்ச்ச முடியாது. திரையில் கறுப்பாக நாம் காண்பது, யந்திரம் ஒளி பாய்ச்சாமல் விட்டுவைத்த சுவர்ப் பகுதியே அன்றி வேறில்லை. சுவரின் மீது டியூப்லைட்டின் வெளிச்சமோ தெருவிளக்கின் வெளிச்சமோ விழுந்துகொண்டிருக்குமாயின் அந்தக் கறுப்பு சாம்பல் நிறமாகிவிடும்; நள்ளிரவுக் காட்சியில் கதாநாயகன் எங்கே நிற்கிறான் என்பதே தெரியாமற் போகும். நம் நாட்டில் இந்த உண்மையை முதலில் அநுபவத்தில் அறிந்தவர்கள் கூடாரத்தில் படம் காட்டியவர்களே. திருச்சியில் ரயில்வே உத்தியோகத்தில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் தூபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் யந்திரத்தை விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துக் காட்டினார். பிற்பாடு கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்ற நிலையான கொட்டகையையும் கட்டினார். அவருக்குப் பின் பல்கிப் பெருகிய டூரிங் டாக்கீஸ்களில் பகற்காட்சி கிடையாது என்பதும், பொழுது சாய்ந்த பிறகு முதலாட்டம், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டாமாட்டம் என்று இரண்டே ஆட்டங்கள் நடந்தன என்பதும் உங்கள் பாட்டனார்களுக்கு நன்றாகத் தெரியும். துணிக் கூடாரத்துக்குள் பகல் வெளிச்சம் புகுவதைத் தடுக்க முடியாததே அதற்குக் காரணம். உங்கள் கூடமும் கனத்த திரைச்சீலை தொங்கவிடும் வரையில் ஒரு டூரிங் டாக்கீஸ்தான்.

இனி அளவுகளுக்கு வருவோம். கணக்கு என்றதும் புத்தகத்தை மூடிவிடும் சுபாவம் உடையவர்களும் இந்த ஒரு கணக்கை மாத்திரம் பொறுமையோடு போட்டுப் பார்க்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒவ்வொரு புரொஜெக்டருக்கும் எறிவிகிதம் என்று ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் 'த்ரோ ரேஷியோ' என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பார்கள். யந்திரத்தின் கண்ணாடிக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தால் வரும் எண் அது. எல்லாரும் ஆசைப்படுகிற 100 அங்குலப் படம் என்பது மூலைக்கு மூலை அளந்த அளவாகையால், அதன் அகலம் 7 அடி 3 அங்குலமும் உயரம் 4 அடிக்குச் சற்று மேலும் இருக்கும். எறிவிகிதம் 1.2 உள்ள யந்திரம் அந்தப் படத்தைத் தருவதற்குச் சுவரிலிருந்து ஏறக்குறைய 8 அடி 9 அங்குலத்தில் இருக்கவேண்டும்; 1.5 உள்ளது 11 அடியில் இருக்கவேண்டும். சுவருக்கு மிக அருகிலேயே வைக்கப்படும், எறிவிகிதம் 0.25 உள்ள விலையுயர்ந்த வகையோ 22 அங்குலத்திலேயே அந்தக் காரியத்தை முடித்துவிடும்.

நம் ஊர் அடுக்குமாடி வீடுகளில் கூடம் பெரும்பாலும் 10 அடிக்கு 14 அடி என்ற அளவை ஒட்டியே இருக்கிறது. 14 அடி நீளம் இருக்கிறதே என்று யந்திரத்தைப் பின்சுவர் அலமாரியில் வைத்தீர்களானால், 1.2 விகிதக்காரன் 10 அடிச் சுவரை மீறிப் பக்கச் சுவர்களிலும் படத்தைப் பூசிவிடுவான். சரி, 8 அடி 9 அங்குலத்தில் வைப்போம் என்றால் அந்த இடம் சரியாக நீங்கள் சோபா போட்ட இடமாக இருக்கும். விலை மலிந்த யந்திரங்களில் கண்ணாடியை நகர்த்திப் படத்தைச் சிறிதாக்கும் வசதி கிடையாது. அவற்றில் 'ஜூம்' என்று சொல்லப்படுவது படத்தின் புள்ளிகளைக் குறைத்துச் சுருக்குகிற தந்திரமேயாம். எனவே 80 அங்குலத்தோடு திருப்தியடைந்தால் என்ன என்பதை யோசியுங்கள். 7 அடி தூரமே அதற்குப் போதும், ஒரு முக்காலியின் மேல் வைத்துவிடலாம், அகலமும் 6 அடிக்குள் அடங்கிவிடும். நூறு என்ற எண்ணின் மீது நம்மவர்களுக்கு உள்ள மோகத்தைத் தவிர வேறெந்த நியாயமும் பத்தடி அகலக் கூடத்தில் 100 அங்குலத்துக்கு இல்லை என்பது என் அபிப்பிராயம்.

கூரையிலிருந்து தொங்கவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். மேல்நாட்டுப் படங்களில் அப்படித் தொங்கவிட்டிருப்பதைப் பார்த்த ஞாபகம் அவர்களுக்கு. அந்தப் படங்களில் காணும் கூடங்களின் நடுவில் மின்விசிறி சுற்றுவதில்லை என்பதை அவர்கள் கவனித்திரார். கூரையிலிருந்து சுவரை நோக்கிச் சாய்ந்து இறங்கும் ஒளிக்கற்றையை நம் கூடத்து விசிறியின் இறக்கைகள் வெட்டிக்கொண்டே இருக்கும். படம் முழுவதும் ஒரு துடிப்பு ஓடிக்கொண்டிருக்கும். போதாக்குறைக்கு விசிறியின் அதிர்வு கூரைவழியே யந்திரத்துக்கும் சென்று எழுத்துகளை நடுங்கச் செய்யும். மே மாதத்தில் விசிறியை நிறுத்திவிட்டுப் படம் பார்க்கிற வைராக்கியம் யாருக்கு இருக்கிறது? இதற்கும் மேலாக, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொண்ட வீட்டுக்காரர் கூரையில் டிரில் போடச் சம்மதிப்பார் என்று எதிர்பார்ப்பதும் வீண். குட்டை முக்காலி, ஸ்டூல், அல்லது மூன்று கால் ஸ்டாண்ட், இவற்றுள் ஒன்றே வாடகைக்காரனுக்கு உகந்தது. அதுவும் யந்திரத்தைப் படத்துக்கு நேராக, கோணலின்றி வைக்கும்படியாக இருக்கவேண்டும். கோணலாக வைத்துவிட்டு 'கீஸ்டோன்' என்ற வசதியால் சீர் செய்துகொள்ளலாம் என்பார்கள், செய்துகொள்ளலாம்தான். ஆனால் அந்தச் சீர்திருத்தம் படத்தின் புள்ளிகளுள் ஒரு பகுதியைத் தியாகம் செய்து நடைபெறுவதாகையால், சிறிது கோணலுக்கு அதைப் பயன்படுத்தலாமேயன்றி அறையின் மூலையில் வைத்துவிட்டு அதையே நம்பியிருத்தல் தகாது.

சுவரைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. பட்டி பார்த்து, பளபளப்பில்லாத வெள்ளை அடித்த சமமான சுவர் இருந்தால் முதல் ஆறு மாதத்துக்குத் திரையே வேண்டாம். இளமஞ்சளோ இளநீலமோ அடித்த சுவரானால் மனித முகங்கள் அந்நிறத்தில் தோய்ந்து தெரியும். பளபளக்கும் பெயின்ட் அடித்த சுவரில் நடுவே ஒரு ஒளித்திட்டு கண்ணைக் கூசச் செய்யும். அப்பேர்ப்பட்ட வீடாயின் சுருட்டி வைக்கும் திரையை வாங்குவதே நல்லது. காலிசெய்து போகும்போது கூடவே வரும்.

பிரகாசத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதவேண்டியிருக்கிறது. ஏனெனில் இந்த வியாபாரத்தின் பெரும்பாலான பொய்கள் இங்கேதான் குடியிருக்கின்றன. ஒளியின் அளவை லூமன் என்ற கணக்கில் சொல்கிறார்கள். படத்தை ஒன்பது பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் மத்தியிலும் விழும் ஒளியை அளந்து சராசரி காணும் முறையை 1992-இல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமாகிய ஆன்ஸி வகுத்தது. ஆன்ஸி லூமன் என்பது அந்த முறையில் வந்த எண். இதை விட்டுவிட்டு, உள்ளேயிருக்கும் விளக்கு எவ்வளவு ஒளியைக் கக்குகிறதோ அதைக் கணக்கிட்டோ, அல்லது எதையும் கணக்கிடாமலோ, '9000 லூமன்', '12000 லூமன்' என்று அட்டைப்பெட்டியின் மேல் அச்சிட்டு விற்கிறார்கள். நாலாயிரம் ஐயாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் அந்தச் சிறு பெட்டிகளின் உண்மைப் பிரகாசம் ஆன்ஸி கணக்கில் பெரும்பாலும் நூறு, இருநூறு என்ற அளவில்தான் நிற்கும். லூமன் என்ற சொல்லுக்கு முன்னால் ஆன்ஸி என்றோ ஐ.எஸ்.ஓ. என்றோ இல்லாத எண்ணை எண்ணாகவே கொள்ளாதீர்கள்.

அப்படியானால் எவ்வளவு வேண்டும்? டிஜிட்டல் சினிமாக் கொட்டகைகளுக்கு வகுக்கப்பட்டிருக்கும் தரம், திரையின் ஒவ்வொரு சதுர மீட்டரும் 48 காண்டெலா ஒளிரவேண்டும் என்பது. நூறு அங்குல வெண்சுவரில் இந்த அளவைக் கொண்டுவருவதற்கு ஏறக்குறைய 420 லூமன் போதும். 80 அங்குலமானால் 270-க்கே வந்துவிடும். ஆகவே முற்றிலும் இருண்ட கூடத்தில் ஐந்நூறு ஆன்ஸி லூமன் உள்ள யந்திரம் கொட்டகைக்கு நிகரான பிரகாசத்தைத் தந்துவிடுகிறது என்பது ஆச்சரியமாகத் தோன்றினாலும் உண்மை. இப்போது டியூப்லைட்டைப் போடுங்கள். கூடத்துச் சுவரில் நூறு லக்ஸ் அளவுக்கு வெளிச்சம் விழுவதாக வைத்துக்கொண்டால், அந்த வெளிச்சம் மாத்திரமே சுவரைச் சுமார் 30 காண்டெலா ஒளிரச் செய்துவிடும். கறுப்பாக இருக்கவேண்டிய இடம் 30, வெள்ளையாக இருக்கவேண்டிய இடம் 78. மூன்று மடங்கு வித்தியாசம்கூட மிஞ்சவில்லை. இதை வெல்வதற்கு மூவாயிரம் லூமன் யந்திரம் வாங்கலாம். அல்லது சுவிட்சை அணைக்கலாம். இரண்டாவது மார்க்கத்துக்குச் செலவு கிடையாது என்பதனால் அதைச் சிபாரிசு செய்யும் வியாபாரியும் கிடையாது.

புள்ளிகளின் எண்ணிக்கையிலும் இதேபோன்ற ஒரு சூது உண்டு. '4கே சப்போர்ட்' என்று எழுதியிருந்தால், 4கே படத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும் என்று பொருளேயன்றி, அதைச் சுவரில் காட்டும் என்று பொருளன்று. 'நேட்டிவ்' என்ற சொல்லுக்கு எதிரே 1920-க்கு 1080 என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நம் கூடத்துக்கு அது தாராளம். அதற்கும் கீழே இறங்கவேண்டாம்.

பெட்டி இல்லாத வீட்டில் படம் எங்கிருந்து வரும் என்பது அடுத்த கேள்வி. இங்கேதான் பலருடைய உற்சாகம் முதல் நாளிலேயே வடிந்துபோகிறது. யந்திரத்தினுள்ளேயே ஆண்ட்ராய்டு இருக்கிறது, எல்லா ஓ.டி.டி. செயலிகளும் வேலை செய்யும் என்று விற்பவர் சொல்வார். திரைப்படங்களை வழங்கும் நிறுவனங்களோ, தங்கள் படங்களைத் திருட்டுப் பிரதி எடுக்காதபடி ஒரு பூட்டைப் போட்டிருக்கின்றன. வைட்வைன் என்று பெயருள்ள அந்தப் பூட்டில் மேல்நிலைச் சான்று பெற்ற கருவிக்கே உயர்தரப் படம் கிடைக்கும். கீழ்நிலைக் கருவிக்குக் கிடைப்பது பழைய டி.வி.டி. தரத்துப் படந்தான். நெட்ஃபிளிக்ஸ் இதற்கும் மேலே போய், தான் அங்கீகரித்த கருவிகளில் மாத்திரமே தன் செயலியை முறையாக இயங்க விடுகிறது. பெயர் தெரியாத யந்திரத்தில் யாரோ ஏற்றிவைத்த செயலி இன்று ஓடும்; நாளை ஒரு புதுப்பிப்பு வந்ததும் படுத்துக்கொள்ளும். கைபேசித் திரையை அப்படியே சுவருக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்றால், இதே பூட்டின் காரணமாகப் பாட்டு கேட்கும், படம் மட்டும் கறுப்பாக நிற்கும். இது யந்திரத்தின் பழுது அன்று. கடைக்காரரோடு சண்டை போடுவதில் பிரயோஜனம் இல்லை.

ஆதலால் யந்திரத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பற்றிக் கவலையே படாமல், நல்ல ஹெச்.டி.எம்.ஐ. துவாரம் உள்ளதாகப் பார்த்து வாங்கி, அதில் அங்கீகாரம் பெற்ற ஒரு ஸ்டிக்கைச் செருகிக்கொள்வதே என் திடமான சிபாரிசு. அமேசானின் ஃபயர் டி.வி. ஸ்டிக்காகவும் இருக்கலாம், கூகுள் டி.வி. உள்ள வேறொன்றாகவும் இருக்கலாம். நாளைக்குச் செயலிகள் பழசாகிப் போனால் சில ஆயிரம் ரூபாய் ஸ்டிக்கை மாற்றினால் போதும், புரொஜெக்டரை மாற்றவேண்டியதில்லை. ஒரு சிறு எச்சரிக்கை மாத்திரம்: அந்த ஸ்டிக்குக்கு வேண்டிய மின்சாரத்தை யந்திரத்தின் யு.எஸ்.பி. துவாரத்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணாதீர்கள். பல யந்திரங்களில் அந்தத் துவாரம் அரை ஆம்பியர்தான் தரும். ஸ்டிக்கோ ஒரு ஆம்பியர் கேட்கும். பாதிப் படத்தில் அது தானே அணைந்து எழும். கூடவே வந்த அடாப்டரைச் சுவரில் செருகுங்கள். முக்காலியின் அருகில் பிளக் பாயின்ட் இராதாகையால், தரமான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றும் கணக்கில் சேரவேண்டும். அதன் வயர் நடைபாதையின் குறுக்கே போகாமல் சுவரோரமாகப் போகவேண்டும்.

இணையத்தின் வேகத்தைப் பற்றி அநாவசியமான பயம் நிலவுகிறது. 1080 தரப் படத்துக்கு விநாடிக்கு 5 மெகாபிட் போதும் என்று நெட்ஃபிளிக்ஸே சொல்கிறது; 4கே படத்துக்கு 15. இன்றைய ஃபைபர் இணைப்புகளில் மிகச் சாதாரணமானதும் இதைத் தாங்கும். கைபேசியின் ஹாட்ஸ்பாட்டை நம்புகிறவர்களுக்குத்தான் சங்கடம். உயர்தரப் படம் மணிக்கு 3 ஜி.பி. வரை இழுத்துக்கொள்ளுமாதலால், நாளொன்றுக்கு 2 ஜி.பி. என்ற திட்டத்தில் இருப்பவரின் படம் இடைவேளைக்கு முன்பே நின்றுவிடும். வைஃபை பெட்டி படுக்கையறையில் இருந்து நடுவே இரண்டு கான்கிரீட் சுவர்கள் இருந்தால் அதைக் கூடத்துக்கு மாற்றச் சொல்லுங்கள்; இணைப்புக் கொடுக்க வருகிற பையன் முதல் நாளில் சிரித்த முகத்தோடு செய்வான், பின்னொரு நாளில் கூப்பிட்டால் வரமாட்டான்.

டி.வி. சானல்களே வேண்டாம் என்று சபதம் செய்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. புரொஜெக்டரில் அலைகளை வாங்கும் உறுப்பு கிடையாது என்றாலும், கேபிள் செட்டாப் பாக்ஸையோ, தூர்தர்ஷனின் கட்டணமில்லாத ஃப்ரீ டிஷ் பாக்ஸையோ ஹெச்.டி.எம்.ஐ. வயரால் இணைத்தால் அது தாராளமாகக் காட்டும். செய்திச் சானல்களுள் அநேகம் யூடியூபிலேயே நேரலையாக வருகின்றன. ஆனால் இணையவழி வரும் கிரிக்கெட், கேபிளில் வருவதைக் காட்டிலும் சில பல விநாடிகள் பிந்தியே வரும். உங்கள் சுவரில் பந்து வீசப்படுவதற்கு முன்பே பக்கத்து வீட்டில் ஆரவாரம் எழுந்து விக்கெட் விழுந்ததைத் தெரிவித்துவிடும். இதற்குப் பரிகாரம் எனக்குத் தெரிந்தவரையில் ஜன்னலைச் சாத்துவது ஒன்றே.

ஒலியை எல்லாரும் கடைசியில் நினைக்கிறார்கள். அது முதலிலேயே நினைக்கப்படவேண்டியது. புரொஜெக்டரின் உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் சுவரிலிருந்தன்றி முக்காலியிலிருந்து பேசும். எதிரே சுவரில் நாயகி அழுவாள், அழுகை முக்காலியிலிருந்து வரும். அத்துடன் விளக்கைக் குளிர்விக்கும் விசிறியின் இரைச்சலும் சேரும். ஆகவே ஸ்பீக்கர் படத்தின் கீழே, சுவரை ஒட்டி இருக்கவேண்டும். புளூடூத் மூலம் இணைப்பது சுலபம். ஆனால் புளூடூத் ஒலி விநாடியில் ஒரு சிறு பங்கு தாமதித்து வருவதால், சில ஜோடிப் பொருத்தங்களில் உதடு ஒருபுறமும் வசனம் ஒருபுறமுமாகப் போகும். நல்ல ஸ்டிக்குகளில் இதைச் சரிசெய்ய ஓர் ஏற்பாடு உண்டு. அதற்கும் மசியாவிட்டால், யந்திரத்தின் 3.5 மில்லிமீட்டர் துவாரத்திலிருந்து பதினைந்தடி ஆடியோ வயர் ஒன்றைச் சுவரோரமாகக் கொண்டுபோய் ஸ்பீக்கரில் செருகுவதே சந்தேகமற்ற வைத்தியம். என்னைக் கேட்டால், யந்திரத்துக்கென்று ஒதுக்கிய பணத்தில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்து ஸ்பீக்கருக்குக் கொடுங்கள் என்பேன். படம் சற்று மங்கலாயிருந்தாலும் மனம் மன்னிக்கும், வசனம் புரியாவிட்டால் மன்னிக்காது.

நம் சீதோஷ்ணத்தைப் பற்றியும் இரண்டொரு வார்த்தை. எல்.இ.டி., லேசர் விளக்குகள் இருபதாயிரம் மணி நேரம் எரியும் என்கிறார்கள். தினம் மூன்று மணி என்று வைத்தாலும் பதினெட்டு வருஷம் வரும் கணக்கு. பழைய பாதரச விளக்குகளோ நாலாயிரம், ஐயாயிரம் மணிக்குள் மாற்றவேண்டியவை. செகண்ட்ஹேண்டில் மலிவாகக் கிடைக்கிற அலுவலக யந்திரங்களை வாங்குவோர் விளக்கின் விலையை முதலில் விசாரிக்கட்டும். ஆனால் யந்திரத்தைக் கொல்வது விளக்கின் வயதல்ல, தூசும் வெப்பமுமே. ஒளிபாயும் பகுதி மூடப்படாத மலிவு யந்திரத்தில் தூசு உள்ளே புகுந்து உட்கார்ந்து, படத்தின் மேல் புகைத் திட்டுகளாகத் தெரியும். அதைத் துடைக்கவும் முடியாது. அநேக யந்திரங்கள் 35 முதல் 40 டிகிரி வரையிலான வெப்பத்துக்கே உத்தரவாதம் பெற்றவை. அக்கினி நட்சத்திரத்தின்போது மொட்டைமாடியை ஒட்டிய வீட்டில் அந்த எல்லை வெகு அருகில் இருக்கிறது. காற்றுத் துவாரங்களை அடைக்காமல் வைப்பதும், துணி மூடிவைப்பதற்கு முன் சூடு ஆறவிடுவதும் அவசியம். மழைக்காலத்தில் சுவரில் விழும் வெளிச்சத்தைத் தேடி ஈசல் வரும், ஈசலைத் தேடிப் பல்லி வரும். நூறு அங்குலத்தில் ஓர் உருக்கமான காட்சியின் நடுவே பல்லி ஓடுவதைக் குழந்தைகள் படத்தைக் காட்டிலும் அதிகம் ரசிப்பார்கள். அந்தக் குழந்தைகளை யந்திரத்தின் கண்ணாடிக்குள் நேராகப் பார்க்க விடாதீர்கள். இது விளையாட்டுக்குச் சொல்வதன்று.

விலையைப் பற்றிக் கேட்பீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் புரொஜெக்டர்களின் மீதான ஜி.எஸ்.டி. 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டிருக்கிறது. அதற்கு முந்திய விலைப் பட்டியலைக் காட்டி யாராவது பேரம் பேசினால் ஏமாறவேண்டாம். கடைக்குப் போகும்போது உங்கள் ஸ்டிக்கையும் ஓர் அளவுநாடாவையும் கையோடு கொண்டுபோங்கள். கடைக்காரர் தம்மிடமுள்ள பளிச்சென்ற விளம்பரப் படத்தைப் போட்டுக் காட்டுவார். அதை நிறுத்தச் சொல்லி, இரவுக் காட்சிகள் நிறைந்த ஒரு தமிழ்ப் படத்தை உங்கள் ஸ்டிக்கிலிருந்து போடச் சொல்லுங்கள். பெட்டியைத் திறந்தபின் திருப்பி எடுத்துக்கொள்வாரா என்பதை பில்லில் எழுதி வாங்குங்கள்.

ஆனால் அதெல்லாம் பிற்பாடு. இந்த வாரத்தில் ஒரு நாள் இரவு எட்டு மணிக்குக் கூடத்தின் விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டுப் பத்து நிமிஷம் உட்கார்ந்து பாருங்கள். தெருவிளக்கின் வெளிச்சத்தில் நாளிதழின் தலைப்புகளைப் படிக்க முடிகிறதென்றால், உங்கள் முதல் செலவு திரைச்சீலைக்கு. அதை மாட்டி, சுவரை அளந்து, முக்காலி நிற்கும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்ட பிறகு புரொஜெக்டர் கடையின் விலாசத்தை விசாரியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நலம் நாடும் ஒரு படப்பிரியன்